இரண்டு காது மெஷின்களுடன் மூன்று வாரம்

“சட்டையை மடித்து வைத்திருக்கிறேன்” என்று என் மனைவி சொன்னது “கட்டையை” என்று காதில் விழுந்த நாளில்தான், ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியனான நான் செவித்திறன் பரிசோதனைக்குச் சம்மதித்தேன். ஆடியோகிராமில், அதாவது ஒவ்வொரு அலைவரிசையிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், கோடு 1000 ஹெர்ட்ஸ் வரை நன்றாகவே வந்து, அதன்பின் சரிந்து, 4000 ஹெர்ட்ஸில் 60 டெசிபலுக்கு இறங்கியிருந்தது; அவ்வளவு சத்தம் இருந்தால்தான் அந்த ஒலி எனக்குக் கேட்கும். உயிரொலிகளின் வலு கீழ் அலைவரிசைகளில் இருப்பதால் ஒருவர் பேசுவது கேட்கிறது. ச, த, க போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் மேல் அலைவரிசைகளில் இருப்பதால் என்ன பேசுகிறார் என்பது பிடிபடுவதில்லை என்று செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் அம்மையார் விளக்கினார். “ஏன் முணுமுணுக்கிறாய்” என்று வீட்டில் இத்தனை நாள் கடிந்துகொண்டதை எண்ணி மிகவும் வருந்தினேன்.

அங்கே மாட்டிவிட்ட முதல் கருவி, ஒலி தரும் பகுதி காதுத் துளைக்குள் அமரும் சார்ஜ் வகை. கதவடைத்த அந்த அறையில் எல்லாமே தெளிவாகக் கேட்டது. அப்படிப்பட்ட அறையில் அநேகமாக எந்தக் கருவியும் நன்றாகவே கேட்கும் என்பதால், அங்கேயே முடிவெடுக்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் கட்டி அதைப் பத்து நாளும், 312 எண் பேட்டரி போடும் மற்றொன்றைப் பத்து நாளும் வீட்டில் வைத்துப் பார்த்தேன்.

சோதனை இதுதான்: கூடத்தில் மின்விசிறி ஓட, அடுப்பில் குக்கர் இருக்க, நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன், மனைவி சமையலறை வாசலில் நின்று, ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதிய 25 சொற்களை இயல்பான குரலில் வாசிப்பார். முதல் கருவியில் 17 சரி, இரண்டாவதில் 21. தவிர, முதலாவதில் என் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கியது. எவர்சில்வர் தட்டு விழுந்தால் இரண்டிலுமே உடம்பு தூக்கிப்போட்டது.

முதலாவதைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அம்மையார் என் குறிப்பேட்டைப் பொறுமையாகப் படித்துவிட்டு, கருவியோடு ஒரு மெல்லிய குழாயையும் காதுக்குள் நுழைத்து, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று கணினியில் அளந்தார். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் தேவையைவிட 12 டெசிபல் குறைவாக இருந்தது. முதல் நாள் இந்த அளவை எடுக்கவே இல்லை. அதைச் சரிசெய்து, துளையை அடைத்திருந்த சிலிகான் முனையை மாற்றித் திறந்த முனை போட்டார். குடத்துக் குரல் அப்போதே மறைந்தது. அன்று மாலை 25-இல் 22 சரி. நான் இருபது நாளாக ஒப்பிட்டது கருவிகளை அல்ல, ஒழுங்காகப் பொருத்தியதையும் பொருத்தாததையும்தான். அதனால் இரண்டாவதையும் அவ்வாறே அளக்கச் சொன்னேன். அது 22-க்கே வந்தது.

கேட்பதில் வேறுபாடு இல்லை என்றானபின் விரல்களைப் பார்த்தேன். வாரந்தோறும் பொத்தான் அளவு பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்து மாற்ற என் மூட்டுவலி இடம் தராது என்பதால் சார்ஜ் வகையை வாங்கினேன். கல்யாணப் பந்தியில் எதிர் வரிசைப் பேச்சு இன்னும் பிடிபடவில்லை. சுவரோரம் இலை பிடித்து, பேச வேண்டியவரை எனக்கு நேரெதிரே உட்காரச் சொல்கிறேன்.