மெத்ரெஸ் எம்.டி.பி.எச்சுக்கு எழுதச் சொல்கிறார், வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்

செந்தெனி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ரெயூனியன் தீவில் இருக்கிறோம். பையனுக்கு ஆறு வயது, ஆகஸ்டில் சே.பே. வகுப்புக்கு (முதல் வகுப்பு) போனான். போன வாரம் பள்ளியில் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியர், மெத்ரெஸ் (வகுப்பு ஆசிரியை), பள்ளி சைக்கோலோக் (உளவியலாளர்) மூன்று பேரும் உட்கார்ந்துகொண்டு, பிள்ளை சொன்னது புரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்துச் செய்கிறான், எம்.டி.பி.எச்சுக்கு மனு போடுங்கள், கூட உட்கார்ந்து உதவ ஓர் ஆள் கிடைக்கலாம் என்றார்கள். அது மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகம் என்பது வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. மாமியார் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. ஓடியாடுகிற பிள்ளைக்கு ஊனம் என்று நாமே கையெழுத்துப் போடுவதா என்கிறார். வீட்டுக்காரர் சொல்வது வேறு. வீட்டில் தமிழ், விளையாடும்போது கிரயோல், வகுப்பில் பிரெஞ்சு, மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறான், ஒரு வருடம் போனால் தெளிந்துவிடும் என்கிறார். போடலாமா, பொறுக்கலாமா?

பழைய வாத்தியார்:
பொறும்மா. சேந்த்-ஆந்த்ரே பக்கம் ரொம்ப வருடம் பாடம் எடுத்தவன் சொல்கிறேன். ஓர்த்தோஃபோனிஸ்த், அதாவது பேச்சுப் பயிற்சியாளர், வைக்கிற பரீட்சைகள் பெரும்பாலும் பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த பிள்ளைகளை வைத்து அளவு கட்டியவை. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அதில் மதிப்பெண் குறைந்தால் மூளையில் கோளாறு என்று அர்த்தமா? முன்பெல்லாம் பள்ளிக்குள்ளேயே ரஸேத் என்று ஒரு குழு வரும், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கும், பெற்றோர் எந்தக் காகிதமும் நீட்ட வேண்டியதில்லை. 2008க்கும் 2012க்கும் நடுவில் அந்தப் பணியிடங்களை வெட்டித் தள்ளினார்கள். அதன் பலன்தான் இது, எழுத்து கூட்டத் தடுமாறினாலும் எம்.டி.பி.எச் என்கிறார்கள். முதலில் பி.ஏ.பி. கேள். 2015இல் வந்த ஏற்பாடு, பள்ளி மருத்துவர் பார்த்துச் சரி என்றால் போதும். பாடத்தாளைப் பெரிய எழுத்தில் கொடுப்பார்கள், கேள்வியை வாசித்துக் காட்டுவார்கள், நேரம் கூடக் கொடுப்பார்கள். வெளி அலுவலகம் எதற்கும் தெரிய வேண்டாம்.

லெ போர் அக்கா:
சார் மேல் மரியாதை உண்டு, ஆனால் ஒரு கையில் "கோளாறே இல்லை" என்கிறீர்கள், இன்னொரு கையில் பி.ஏ.பி. கேட்கச் சொல்கிறீர்கள். பி.ஏ.பி.யே கற்றல் கோளாறு உள்ள பிள்ளைகளுக்கானதுதானே? மருத்துவர் எதைப் பார்த்துச் சரி என்பார்? அதில் ஆளும் கிடையாது, கணினியும் கிடையாது. அந்த இரண்டுக்கும் எம்.டி.பி.எச் முடிவு வேண்டும்.

என் மகளுக்கு டிஸ்ஃபாசி, அதாவது மொழிக் கோளாறு. எங்களுக்கும் மத்தெர்னெல் (மழலையர் பள்ளி) முழுக்க "பொறுங்கள், இரண்டு மொழிப் பிள்ளை" என்றுதான் சொன்னார்கள். ஓர்த்தோஃபோனிஸ்திடம் காத்திருப்புப் பட்டியலே அத்தனை நீளம், பொறுத்துவிட்டுப் பட்டியலில் சேர்ந்தால் வரிசையின் வாலில் நிற்க வேண்டியதுதான். மனு முழுமையாகப் போய்ச் சேர்ந்தபிறகு சட்டப்படி நாலு மாதம். நாலு மாதத்தில் பதில் வராவிட்டால் மறுத்துவிட்டதாகக் கணக்கு, அதற்குமேல் இரண்டு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும், அதுவும் போனால் நீதிமன்றம். இன்றைக்குப் போட்டாலே இந்த வகுப்பு பாதி ஓடிவிடும், அடுத்த ஆகஸ்டில் தொடங்கினால் எப்போது முடிய?

பழைய வாத்தியார்:
முதலில் பி.பி.ஆர்.இ., பின்தங்கிய பிள்ளைக்கான உதவித் திட்டம், அதற்கு மருத்துவரே வேண்டாம், ஆசிரியர் எழுதுவது. அது போதாவிட்டால் பி.ஏ.பி. அதுவும் போதாவிட்டால் உங்கள் அலுவலகம். ஒவ்வொரு படியாகப் போகச் சொன்னால் எடுத்தவுடன் மாடிக்குக் குதிக்கிறீர்கள்.

தம்போன் கலா:
நான் அந்தக் "கூட உட்காரும் ஆள்" வேலைதான் பார்க்கிறேன், ஏ.இ.எஸ்.எச். அதனால் அது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனி ஆள், பகிர்ந்த ஆள் என்று இரண்டு வகை. பிள்ளைக்கு இடைவிடாத கவனம் வேண்டும் என்று எம்.டி.பி.எச்சில் முடிவெடுக்கும் ஆணையம் நினைத்தால்தான் தனி ஆள், அதில் மணிக்கணக்கு எழுதியிருக்கும். பகிர்ந்த ஆள் என்று வந்தால் தாளில் மணிக்கணக்கே இருக்காது, பள்ளியும் அந்த வட்டாரமும் பார்த்துப் பிரித்துக் கொடுப்பதுதான். நான் ஒரே காலையில் ஒரு பிள்ளையின் பென்சிலைச் சீவிக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடுவேன், திரும்பி வரும்போது முதல் பிள்ளை கணக்கில் பாதியில் நின்றுகொண்டு சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெற்றோர் "ஆள் கிடைத்துவிட்டது" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள், யாரும் எத்தனை மணி என்று கேட்பதில்லை. மனு போடாதீர்கள் என்று சொல்லவில்லை, போட்டால் என்ன கேட்கிறோம் என்று தெரிந்து போடுங்கள்.

பழைய வாத்தியார்:
கலா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இன்னொன்று, ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் சில பிள்ளைகள் மெத்ரெஸ் முகத்தையே பார்ப்பதில்லை.

தம்போன் கலா:
இல்லை சார், நான் அதைச் சொல்லவில்லை. ஆள் ஒழுங்காக இருந்தால் பிள்ளை ஏறி வருவதை நான் கண்ணால் பார்க்கிறேன். அரைகுறையாகக் கொடுப்பதுதான் என் புகார்.

லெ போர் அக்கா:
மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். 2005 பிப்ரவரி 11ஆம் தேதிச் சட்டம் வந்தபிறகு எந்தப் பிள்ளைக்கும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேரும் உரிமை உண்டு. மனு போட்டால் சிறப்புப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது பழைய பயம். மனுவில் கையெழுத்துப் போடுவது பெற்றோர் மட்டுந்தான், ஆணையம் முடிவெடுப்பதற்கு முன் பிள்ளைக்கான உதவித் திட்டத்தின் வரைவை உங்களுக்கு அனுப்புவார்கள், 15 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம். முடிவுத் தாளில் நோயின் பெயரும் இருக்காது. ஆனால் சும்மா விட்டாலும் அப்படியே கிடக்காது, பள்ளிக்குழு சொல்லி நாலு மாதம் நீங்கள் அசையாவிட்டால் கல்வித் துறையே எம்.டி.பி.எச்சுக்குத் தகவல் கொடுக்கும். அப்போது உங்கள் பக்கத்துக் கதை இல்லாமல் பள்ளியின் கதை மட்டும் போகும்.

செந்தெனி அம்மா:
நாலு மாத விஷயம் யாரும் சொல்லவில்லையே. ஒன்று கேட்கட்டுமா. எல்லாரும் பிரெஞ்சைப் பற்றியே பேசுகிறீர்கள். அவன் தமிழும் கொஞ்சம் அப்படித்தான். "நேத்து கடலுக்குப் போவேன்" என்பான். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே "அது, அது, சாப்பிடறது" என்பான், பெயர் வராது. கதை சொல்லச் சொன்னால் யார் யாரை அடித்தார்கள் என்று நமக்குப் புரியாது. அவன் தங்கைக்கு நாலு வயது, அவள் முழு வாக்கியம் பேசுகிறாள். மாமியார் அவன் பேச்சை மழலை என்று ரசிப்பார், நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

லெ போர் அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா! தமிழ் நன்றாக வந்து பிரெஞ்சு மட்டும் தடுமாறினால் சார் சொல்வது சரி, புது மொழிக்குக் காலம் கொடுக்கலாம். மொழிக் கோளாறு என்றால் அது எல்லா மொழியிலும் தெரியும், முதல் மொழியிலும். இரண்டு மொழி பேசுவதால் கோளாறு வராது, தமிழை நிறுத்தினால் போய்விடவும் போகாது. யாராவது வீட்டில் பிரெஞ்சு மட்டும் பேசுங்கள் என்றால் கேட்காதீர்கள்.

பழைய வாத்தியார்:
நேத்து போவேன் என்று ஆறு வயதில் நிறையப் பிள்ளைகள் சொல்லும். அம்மா சொல்வதை வைத்து நாம் இங்கே தீர்ப்பு எழுதக் கூடாது. தமிழில் யார் பரிசோதிப்பார்கள், அதைச் சொல்லுங்கள்.

தம்போன் கலா:
பாரிஸுக்குப் பக்கத்தில் போபிஞியில் உள்ள அவிசென் மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு பரிசோதனை உருவாக்கியிருக்கிறார்கள், எலால் என்று பெயர். பிள்ளையின் தாய்மொழியில், அந்த மொழி பேசும் ஆளை வைத்து நடத்துவது, தமிழிலும் உண்டு. நம் தீவு ஓர்த்தோஃபோனிஸ்திடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் நீங்களே அவன் தமிழில் பேசுவதைப் போனில் பதிவு செய்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே வார்த்தைக்கு வார்த்தை பிரெஞ்சு எழுதிக்கொண்டு போங்கள். அந்தக் கரண்டி உதாரணத்தை அப்படியே எழுதுங்கள், "பேச்சு தாமதம்" என்று பொதுவாகச் சொல்வதைவிட அது பேசும்.

லெ போர் அக்கா:
படிவம் 20 பக்கம், பயப்பட வேண்டாம், எல்லாப் பகுதியும் உங்களுக்கு இல்லை. பள்ளி வாழ்க்கை என்ற பகுதியில் நேரம் செலவழியுங்கள். மருத்துவச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குத் தேதி பற்றிச் சண்டை வந்தால் அதுதான் கையில் இருக்கும்.

பழைய வாத்தியார்:
போடுவதாக முடிவெடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது, போடுங்கள், நான் இன்னும் அவசரம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று பள்ளிக்குழு நிரப்பும் ஜேவாஸ்கோ படிவத்தின் நகலைக் கேட்டு வாசித்துவிடுங்கள். "வீட்டில் பிரெஞ்சு பேசுவதில்லை" என்று ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், அந்த வரியைப் பார்த்தவுடன் எல்லாப் பழியும் வீட்டின் மேல்தான் விழும்.

லெ போர் அக்கா:
எடுக்கச் சொல்லாதீர்கள். அதற்கு அடுத்த வரியாக, தமிழிலும் இப்படித்தான் தடுமாறுகிறான் என்று சேர்க்கச் சொல்லுங்கள்.