ரீடிங் டெர்மினல் மார்க்கெட்: சைவ அம்மாவை அழைத்துப் போகலாமா?

எடிசன்வாசி:
ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஃபிலடெல்ஃபியா போகிறோம். ஆபீஸில் எல்லோரும் ரீடிங் டெர்மினல் மார்க்கெட்டை விட்டுவிடாதே என்கிறார்கள். படத்தில் பார்த்தால் ஒரே கறியும் கூட்டமுமாக இருக்கிறது. அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். போய் என்ன செய்வது?

பழைய ஃபிலி:
முதலில் கிழமையை மாற்றுங்கள். லான்காஸ்டர் பக்கத்து ஆமிஷ்காரர்களின் (பழைய முறைப்படி வாழும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்) கடைகள் ஞாயிறு திறக்காது. அவர்கள் இல்லாமல் அது பாதி மார்க்கெட்தான். சனிக்கிழமை பத்து மணிக்குள் போய்விடுங்கள்.

எனக்கு அந்தப் பக்கம் ஒன்பது வருடம் வேலை. என் அம்மா வந்தபோது பிரெட்செல் கடை முன்னால்தான் நின்றுவிட்டார். மாவைக் கயிறாக உருட்டி, ஒரு சுழற்றில் முடிச்சாக்கி, சுட்டதும் உருகிய வெண்ணெயில் முக்கித் தருவார்கள். "முறுக்குதான், ஆனா கடிச்சா சத்தம் வரலியே" என்றார். முழுசையும் சாப்பிட்டார், அது வேறு விஷயம். பழம் உள்ளே வைத்துச் சுட்ட 'பை' (pie) என்ற பலகாரம் வாங்கினால் மட்டும், மாவில் பன்றிக் கொழுப்பு, முட்டை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீமுக்கும் இதே கேள்விதான். அங்கே ஐஸ்கிரீம் விற்கும் பாசெட்ஸ் 1861இல் தொடங்கிய கம்பெனி, மார்க்கெட் திறந்த நாளிலிருந்து அங்கேயே இருக்கிறது.

தண்டவாளம்:
அந்த மார்க்கெட் கட்டடத்தின் கதையையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள். ரயில் கம்பெனி ஸ்டேஷன் கட்ட இடம் வாங்கியபோது அங்கே ஏற்கெனவே சந்தை நடந்துகொண்டிருந்தது. வியாபாரிகள் நகரமாட்டோம் என்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மேலே ரயில், கீழே சந்தை என்று கட்டினார்கள். சந்தை திறந்தது 1893இல். மாடிக்குக் கடைசி ரயில் வந்தது 1984இல். கீழே இன்றும் மீன் வெட்டுகிறார்கள்.

காபிப்பித்தன்:
நல்ல இடம்தான், ஆனால் மதியம் பன்னிரண்டுக்கு மேல் உட்கார நாற்காலி கிடைக்காது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றியிருக்கிறேன்.

எடிசன்வாசி:
சரி, சனிக்கிழமையே போகிறோம். மீன் வாடைக்கு அம்மா என்ன சொல்வாரோ! காரா, ரயிலா?

பழைய ஃபிலி:
ரயில். ஜெஃபர்சன் ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். மீன் பக்கம் போகாமல் காய்கறிக் கடை வழியாகக் கூட்டிப் போங்கள். உள்ளே ஃபில்பர்ட் என்று ஒரு வெண்கலப் பன்றி உண்டியல் இருக்கும், பக்கத்துத் தெருவின் பெயர்தான் அதற்கும். தொலைந்துபோனால் அதன் அருகில் வந்து நிற்கச் சொல்லிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் அம்மாவைக் கண்டுபிடித்தோம், கையில் இரண்டாவது பிரெட்செல்லோடு.