மலையக ஈரத்தில் மர ஊஞ்சல், சறுக்கு, வாங்கு: பராமரித்தவர்களின் அனுபவங்கள்

தலவாக்கலை, முன்பள்ளி ஆசிரியை

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு (வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கிற இடம்) பக்கத்தில், இளைஞர்கள் சேர்ந்து கட்டிக்கொடுத்த சின்ன விளையாட்டிடம் ஒன்று இருக்கிறது. டர்பன்டைன் மரத்தில் ஊஞ்சல் கால்கள், பலகைச் சறுக்கு, ஏறி நிற்க ஒரு மேடை, அம்மாமார் உட்கார வாங்குகள். மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் எங்கள் பக்கம் மரம் காய்வதே இல்லை. ஏணிப்படி முழுக்கப் பச்சைப் பாசி. பிள்ளைகள் வெறுங்காலோடு ஏறுகிற படி அது.

ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினால் உடனே வெளுத்துவிடும் என்று பெற்றோர் ஒருவர் வாளியோடு வந்தார். வேண்டாம் என்றேன். குளோரின் பாசியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் மரத்தின் நாரையும் அரிக்கும், போல்ட்டையும் துருப்பிடிக்க வைக்கும். சரியாகக் கழுவாவிட்டால் பிள்ளைகளின் கையிலும் வாயிலும்தான் போய்ச் சேரும். மழை விட்ட ஒரு வாரத்தில், முதலில் காய்ந்த பாசியைத் தும்பு பிரஷால் தட்டிவிட்டோம். அப்புறம் வெந்நீரில் கொஞ்சம் சவர்க்காரத்தூள் போட்டு, மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகவே தேய்த்து, நல்ல தண்ணீரால் அலசினோம். குறுக்கே தேய்த்தால் நார் கிளம்பி, பிறகு சிராய் ஏறும்.

கழுவியதைவிடப் பெரிய வித்தியாசம் தந்தது வேறொன்று. மேலே கவிந்திருந்த சவுக்குக் கிளைகளை வெட்டியதும், மேடைப் பலகைகளைக் கழற்றி நீர் வடிய இடைவெளி விட்டு அடித்ததும்தான். வெயிலும் காற்றும் நுழைந்த பிறகு பாசி பழைய வேகத்தில் வரவில்லை. மற்றவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? எண்ணெய் பூசுவதா, பெயின்ட் அடிப்பதா?

பண்டாரவளை, இரண்டு பிள்ளைகளின் தகப்பன்

டீச்சர், உங்கள் கணக்கு எங்கள் பக்கத்துக்கு அப்படியே பொருந்தாது. உங்களுக்கு மழை கொட்டுகிற ஜூன், ஜூலையில் எங்கள் ஊவாப் பக்கம் வறட்சியும் காற்றும்தான். எங்கள் மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரைக்கும் போகும். அதனால் நாங்கள் மரவேலை எல்லாம் ஓகஸ்ட்டில் வைத்துக்கொள்கிறோம். காற்று மரத்தை இழுத்து வெடிக்க வைத்துவிடும், அந்த வெடிப்புக்குள்தான் ஒக்டோபர் மழை இறங்குகிறது. சாண்ட் பேப்பரால் விளிம்பெல்லாம் மழுக்கிவிட்டு, வெடிப்பை அடைத்து, மழைக்கு முன்பே பூசி முடித்துவிட வேண்டும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அண்ணன் கராஜிலிருந்து கழிவு ஒயில் கொண்டுவந்து, "இதைப் பூசினால் பத்து வருசத்துக்கு உக்காது" என்றார். வேலிக் கட்டைக்கு இங்கே எல்லோரும் பூசுகிறார்கள்தான். ஆனால் ஓடித் தேய்ந்த இன்ஜின் ஒயிலில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களும் உலோகத் துகள்களும் இருக்கின்றன. பிள்ளை கையால் பிடிக்கிற கம்பத்தில் அதைத் தடவ எனக்கு மனம் வரவில்லை. யாருக்கும் வரக்கூடாது.

நுவரெலியா, விடுதித் தோட்டப் பராமரிப்பு

ஏப்ரல் சீசனுக்குச் சனம் வருமுன்பே எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். அதற்காகப் பிரஷர் மெஷினைப் போட்டு அடித்த ஒரு தேக்கு வாங்கைப் பார்த்தேன். பாசி போனது, கூடவே மரத்தின் மென்மையான பகுதியும் பறந்து, பலகை முழுக்கக் கோடு கோடாகப் பள்ளம். அடுத்த மழைக்கு அந்தப் பள்ளங்களில்தான் பாசி முதலில் முளைத்தது. அந்த மெஷின் சிமெந்துத் தரைக்குச் சரி, மரத்துக்கு வேண்டாம்.

எண்ணெய் பற்றிக் கேட்டீர்கள். லின்சீட் ஒயிலை (ஆளிவிதை எண்ணெய்) மட்டும் பூசினால் எங்கள் குளிரில் காயவே நாளெடுக்கும், ஈரத்தில் கருப்புப் புள்ளியாகப் பூஞ்சணமும் பிடிக்கும். இப்போது வெளிப்புற மரத்துக்கென்றே வருகிற, பூஞ்சணத் தடுப்பு சேர்ந்த, தண்ணீர் அடிப்படையிலான பூச்சைத்தான் பாவிக்கிறோம். டின்னில் 'ஈஎன் 71-3' என்று போட்டிருக்கிறதா பாருங்கள், விளையாட்டுப் பொருள் பாதுகாப்புக்கான ஐரோப்பியத் தரம் அது. லின்சீட்தான் பூசுவேன் என்பவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கிவையுங்கள்.

ரயில் பாதையிலிருந்து கழற்றிய பழைய சிலிப்பர் கட்டைகளை வாங்காகப் போடுவது இங்கே பலருக்கு ஆசை. பார்க்க அழகு, எடை கூட. ஆனால் சிலிப்பருக்குக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றுவது வழக்கம். வெயில் ஏறினால் அது கசிந்து துணியில் ஒட்டும். கிரியோசோட் ஏற்றிய மரத்தை விளையாட்டிடங்களில் பாவிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2001இலேயே தடை போட்டது.

ஹட்டன், தச்சு பாஸ்

டீச்சர், பூச்சைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் காலைப் பாருங்கள். ஊஞ்சல் விழுவது மேலே பாசி பிடித்ததால் அல்ல, மண்ணும் மரமும் சேருகிற இடத்தில் உக்கிப்போவதால்தான். மண்ணை ஒரு சாண் ஆழம் தோண்டிவிட்டு, அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் சுற்றிலும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் என்றால் முனை நிற்கும். மெத்தென்று உள்ளே போனால் அந்தக் கால் முடிந்தது, மேலே எத்தனை கோட் அடித்தாலும் பிரயோசனமில்லை.

மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் உக்க வைக்கும் பூஞ்சணம் வளராது. அதனால் புதுக் கால் போடும்போது நேரே மண்ணுக்குள் இறக்காமல், கொங்கிரீட்டில் கெல்வனைஸ் இரும்புச் சூவை (மரக் காலின் அடியைத் தாங்கிப் பிடிக்கிற இரும்பு) நட்டு, மரத்தைத் தரைக்கு மேலே தூக்கி நிறுத்துங்கள். கொங்கிரீட்டின் மேல்முகம் வெளிப்பக்கம் சரியட்டும். பலர் அதைக் கிண்ணம் மாதிரிக் குழித்துவிடுகிறார்கள், மழைநீர் அங்கேயே தங்கி மரத்தைத் தின்கிறது. இன்னொன்று, வெட்டு முனை. பலகையின் தட்டை முகத்தைவிட வெட்டிய முனை பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். பூச்சை அங்கே இரண்டு, மூன்று தடவை குடிக்கக் குடிக்கக் கொடுங்கள்.

மேடைக்கு அடியில் கை விடுமுன் குனிந்து பாருங்கள். வட்டவளைப் பக்கம் ஒரு சறுக்கைக் கழற்றப் போனோம். பலகைக்கு அடியில் குளவிக் கூடு. தட்டுகிற சத்தத்துக்கே கிளம்பிவிட்டது. எல்லோரும் ஓடித் தப்பினோம். தோட்டத்தில் குளவி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளை விடுமுன் தினமும் யாராவது பெரியவர் ஒருமுறை அடியில் பார்ப்பது நல்லது.

தலவாக்கலை, முன்பள்ளி ஆசிரியை

பாஸ் அண்ணன், நீங்கள் சொன்னபடியே குத்திப் பார்த்தோம். கிழக்குப் பக்கத்துக் கால் உள்ளே போகிறது. ஊஞ்சலைக் கழற்றி வைத்துவிட்டோம், பெற்றோரிடமும் சொல்லியாயிற்று. ஒரு சந்தேகம்: கழற்றுகிற கட்டையை அடுப்புக்குத் தரலாமா என்று கேட்கிறார்கள்.

ஹட்டன், தச்சு பாஸ்

மருந்தேற்றாத டர்பன்டைன் என்றால் பயமில்லை. பச்சைச் சாயல் அடிக்கிற பழைய மின்கம்பத் துண்டு என்றால் கொடுக்காதீர்கள். தாமிரம், குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏறியிருக்கலாம். அதே மருந்தை அமெரிக்காவில் விளையாட்டுச் சாதனங்களுக்குப் பாவிப்பதை 2003 முடிவோடு நிறுத்தினார்கள். எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அந்தச் சாம்பலை மரக்கறிப் பாத்திக்கும் போடக்கூடாது. வெட்டிய முகத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.