இரைப்பைப் புண்ணுக்கு என்சைம் சிரப் கொடுக்கலாமா? சேலம் நண்பர்கள் சொல்லுங்கள்

அம்மாபேட்டையில் தறி ஓட்டும் என் அப்பாவுக்கு இரைப்பையில் புண் என்று எண்டோஸ்கோபியில் தெரிந்திருக்கிறது. மூட்டு வலிக்கு அவர் விழுங்கிவந்த மாத்திரைகள் இரைப்பையின் சளிப் படலத்தைக் குலைத்துவிட்டதால், அமிலமும் புரதத்தைச் சிதைக்கும் பெப்சினும் சேர்ந்து சுவரையே அரிக்கின்றன என்றார் மருத்துவர். அப்பாவோ பக்கத்து வீட்டார் சொன்ன, செரிமானத்துக்கான என்சைம் சிரப்பைத்தான் நம்புகிறார். அதன் லேபிளிலும் பெப்சின் என்றே போட்டிருக்கிறது! எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதல்லவா இது? மருந்தாளுநர்கள் யாராவது விளக்குங்கள்.

இரைப்பைப் புண்ணுக்கு இன்னொரு காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான மூச்சுப் பரிசோதனையை நம் ஊரில் எங்கே செய்கிறார்கள்? அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மாத்திரையை 2 வாரம் நிறுத்தினால்தான் அது சரியாகக் காட்டுமாம். அந்த நாட்களை எப்படிச் சமாளித்தீர்கள்?

தட்டுவடை செட்டை மட்டும் விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். காரச் சட்னி தடவாமல் தரும் கடை தெரிந்தாலும் எழுதுங்கள்.