80,000 ரூபாயில் கேமிங் பிசி: ஏஎம்4-ஆ, ஏஎம்5-ஆ?

பாலக்கரை_பையன்:
எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கேமிங் பிசி அசெம்பிள் செய்ய அப்பா 80,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் மொத்தமும் போய்விடும். வேலரண்ட் தினமும் ஆடுவேன். சைபர்பங்க் 2077 ஒரு தடவையாவது முடிக்க வேண்டும். பக்கத்துக் கடையில் கொட்டேஷன் கேட்டேன். "கோர் ஐ7, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி), கலர் லைட் கேபினட்" என்று எழுதிக் கொடுத்து, பாதிக் காசில் முடித்துத் தருகிறேன் என்கிறார். ஐ7 என்றால் நல்லதுதானே? மிச்சத்தில் ஒரு கேமிங் நாற்காலி வாங்கலாமா?

எஸ்எம்பிஎஸ்_சித்தப்பா:
நாற்காலி இருக்கட்டும் தம்பி. அந்த ஐ7 எத்தனையாவது தலைமுறை, கார்டின் முழுப்பெயர் என்ன, இரண்டையும் கேட்டு வந்து எழுது.

பாலக்கரை_பையன்:
கேட்டேன். ஐ7-4770, ஜிடி 730. "இதுக்கே ஸ்டாக் இல்ல தம்பி" என்றார்.

எஸ்எம்பிஎஸ்_சித்தப்பா:
நினைத்தேன். 4770 வந்தது 2013இல். நான்கு கோர், டிடிஆர்3 என்கிற பழைய வகை ராம். விண்டோஸ் 11 பட்டியலில் அது கிடையாது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்கிற இரண்டு பாதுகாப்பு வசதியும் கேட்கும், ஆக உன் தினசரி விளையாட்டிலேயே வில்லங்கம். ஜிடி 730இல் 4 ஜிபி என்று போட்டிருப்பது ஏமாற்று வேலை. அதில் இருப்பது பெரும்பாலும் மெதுவான டிடிஆர்3 நினைவகம். ஜிடி 730 பலதும் சேரும் கெப்ளர் வகைக் கார்டுகளுக்குப் புது கேம் டிரைவர் தருவதை என்விடியா 2021இலேயே நிறுத்திவிட்டது. ஐ7 என்பது பட்டம் மாதிரி, எந்த வருஷம் வாங்கியது என்று கேட்க வேண்டும்.

என் யோசனை: ரைசன் 5 5600 பிராசஸர், அதைச் செருக ஏஎம்4 சாக்கெட் உள்ள பி550 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 (8+8), மீதி முழுவதும் கிராபிக்ஸ் கார்டுக்கு.

நாளைய_சாக்கெட்:
மன்னிக்கவும், இது பழைய வீட்டுக்குப் புது வெள்ளை அடிப்பது. ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது, இனி அதில் போக்கிடம் இல்லை. ஏஎம்5க்கு 2027க்கு அப்புறமும் புது பிராசஸர்கள் வரும் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. ஏஎம்5இல் செருகும் ரைசன் 5 7600 வாங்கினால் நாலு வருஷம் கழித்து மதர்போர்டை மாற்றாமல் கேமிங்குக்கு வேகமான ஒரு எக்ஸ்3டி பிராசஸர் செருகிக்கொள்ளலாம். 7600க்குள்ளேயே சின்ன கிராபிக்ஸ் உண்டு. கார்டு பழுதானாலும் படம் வரும். 5600இல் கறுப்புத் திரைதான்.

எஸ்எம்பிஎஸ்_சித்தப்பா:
சாக்கெட் தம்பி, கடைப் பக்கம் போய் எத்தனை நாள் ஆயிற்று? டிடிஆர்5 விலை பார்த்தீர்களா? ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போகின்றன. மெமரி சிப் செய்யும் மைக்ரான் 2025 டிசம்பரில் குரூஷியல் என்கிற தன் சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. முன்பு ராம் என்பது கொட்டேஷனின் கடைசி வரி. இப்போது கார்டுக்கு அடுத்த பெரிய தொகை அதுதான். ஏஎம்5இல் டிடிஆர்4 போடவே முடியாது. 80,000இல் 7600, பி650 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 வாங்கினால் பையன் கார்டுக்கு உண்டியல் குலுக்க வேண்டும். டிடிஆர்4-உம் ஏறியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் செகண்ட் ஹேண்டில் நம்பி வாங்கலாம். ராம் கெட்டிருந்தால் மெம்டெஸ்ட் என்கிற சோதனை மென்பொருளை ஒரு ராத்திரி ஓடவிட்டால் தெரிந்துவிடும்.

நாளைய_சாக்கெட்:
"தம்பி" என்று கூப்பிட்டு வாயை அடைக்க வேண்டாம், எனக்கும் நாற்பது நெருங்குகிறது. ஏஎம்4 புதிதாக இருந்த 2017இல் பி350 போர்டும் ரைசன் 5 1600-உம் வாங்கினேன். அன்றைக்கும் ராம் விலை ஏறித்தான் கிடந்தது. 8 ஜிபி ஒரே ஸ்டிக்கோடு தொடங்கினேன், அப்புறம் இன்னொன்று சேர்த்தேன். 2022இல் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து அதே போர்டில் 5800எக்ஸ்3டி போட்டேன். இன்னும் ஓடுகிறது. அன்று "மலிவாக இருக்கிறதே" என்று முடிந்துபோன சாக்கெட்டை வாங்கியிருந்தால் இரண்டு தடவை போர்டு மாற்றியிருப்பேன். இந்தப் பையனும் இப்போதைக்கு 16 ஜிபி டிடிஆர்5 ஒரே ஸ்டிக் போடட்டும். டிடிஆர்5இல் ஒரு ஸ்டிக்குக்குள்ளேயே இரண்டு சேனல் (பிராசஸருக்குத் தரவு போகும் பாதை) இருக்கிறது.

எஸ்எம்பிஎஸ்_சித்தப்பா:
சரி சார், தம்பியை விட்டுவிடுகிறேன். ஆனால் அந்தக் கடைசி வரி தப்பு. இரண்டு துணைச் சேனல் உண்மைதான், ஒவ்வொன்றும் 32 பிட். கூட்டினால் 64, பழைய ஒற்றைச் சேனல் அகலமேதான். இரண்டு ஸ்டிக் போட்டால் கிடைக்கும் அகலத்தில் பாதி. வேலரண்ட் மாதிரி பிராசஸரை நம்பி ஓடும் விளையாட்டில் அந்தக் குறை கண்ணுக்குத் தெரியும். உங்கள் கதையில் இன்னொன்று: ஐந்து வருஷம் கழித்து அதே போர்டில் பிராசஸர் மாற்றியவர் என்று எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். இருபது வருஷமாக அசெம்பிள் செய்து கொடுக்கிறேன், முக்கால்வாசிப் பேர் மொத்தமாகத்தான் மாற்றுகிறார்கள்.

சைதை_சாமி:
இன்டெல்லை யாருமே பேசவில்லையே. 12ஆம் தலைமுறை ஐ5-12400எஃப், டிடிஆர்4 போடும் பி760 போர்டு. அதே போர்டில் பிறகு 14ஆம் தலைமுறை வரை போகலாம். எச்610 போர்டு வேண்டாம், அதில் ராம் வேகத்தை ஏற்ற முடியாது.

நாளைய_சாக்கெட்:
13, 14ஆம் தலைமுறையில் சில பிராசஸர்கள் கூடுதல் வோல்டேஜால் கெட்டு, 2024இல் இன்டெல் வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டிய கதை மறந்துவிட்டதா? போக்கிடம் என்று காட்டுகிற இடமே அதுதான்.

சைதை_சாமி:
12400எஃப்புக்கு அந்தச் சிக்கல் கிடையாது. மற்றவற்றுக்கும் அதைச் சரிசெய்ய மைக்ரோகோடு அப்டேட் வந்துவிட்டது. போர்டு எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கு தம்பி, 5600-உம் இதுவும் அண்ணன் தம்பி.

பாலக்கரை_பையன்:
எனக்குத் தலை சுற்றுகிறது. ஏஎம்4 எடுத்தால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டு போடலாம் போல. ஏஎம்5 எடுத்தால் கையில் இருப்பதற்கு பழைய ஆர்எக்ஸ் 6600தான் வரும். சரியா?

எஸ்எம்பிஎஸ்_சித்தப்பா:
மிகச் சரி. இந்த இழுபறி முழுவதும் அந்த இரண்டு வரிதான்.

கோவை_மீனா:
இத்தனை பதிவு போயிற்று, ஒருவரும் கேட்கவில்லையே. தம்பி, உன் மானிட்டர் என்ன?

பாலக்கரை_பையன்:
அக்கா, அண்ணன் காலேஜ் படிக்கும்போது வாங்கியது. 19 இஞ்ச், 1440x900, 60 ஹெர்ட்ஸ். பின்னால் நீல நிற விஜிஏ வயர் மட்டும்தான்.

கோவை_மீனா:
அப்படியானால் 9060 எக்ஸ்டியை மறந்துவிடு. இப்போது வரும் எந்தக் கார்டிலும் விஜிஏ கிடையாது. ஒரு கன்வெர்ட்டர் போட்டாலும், கார்டு நொடிக்கு 200 படம் வரைந்தால் உன் திரை 60தான் காட்டும். 1080பி, 144 ஹெர்ட்ஸோ அதற்கு மேலோ ஐபிஎஸ் மானிட்டர் ஒன்று இந்த 80,000க்குள்ளேயே வர வேண்டும். நான் போன வருஷம் தலைகீழாகச் செய்தேன். கார்டுக்குக் கொட்டிவிட்டு எட்டு மாதம் பழைய திரையிலேயே ஆடினேன். மானிட்டர் மாற்றிய அன்றுதான் புது பிசி வாங்கியது போல இருந்தது.

நாளைய_சாக்கெட்:
மானிட்டரும் இதற்குள் என்றால்... சரி, கணக்கு மாறுகிறது. ஏஎம்5 இந்தத் தொகைக்குள் அடங்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. அடுத்த பிசிக்கும் கூடவே வருகிற பொருளில் கை வைக்காதே: மானிட்டர், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி. ஏஎம்4 போர்டு எப்படியும் பரணுக்குப் போகப்போவது, அதில் லைட்டுக்கும் அலங்காரத்துக்கும் காசு போட வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்_சித்தப்பா:
எஸ்எம்பிஎஸ் என்றதும் மனசு குளிர்ந்தது. அந்தக் கொட்டேஷனில் "500 வாட்" என்று மட்டும் இருந்தது பாருங்கள், கம்பெனி பெயரே இல்லை. பல வருஷம் முன்னால் அப்படிப்பட்ட ஒன்றை, காசு மிச்சம் என்று, ஒருவருக்குப் போட்டுக் கொடுத்தேன். மே மாதம், லோ வோல்டேஜ், கரண்ட் போய் வந்தது. டப் என்று ஒரு சத்தம். போர்டும் சேர்ந்து போயிற்று. அந்தப் போர்டுக்கு என் கையிலிருந்து பணம் கொடுத்தேன், இந்தப் பெயரும் அதில் வந்ததுதான். 80 பிளஸ் முத்திரையைப் பார்த்து ஏமாறாதே தம்பி. அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், பாதுகாப்பைச் சொல்லாது. 5600 65 வாட் பிராசஸர், மானிட்டர் போக மிச்சத்துக்கு ஏற்ற கார்டு ஆர்டிஎக்ஸ் 5060, அது 145 வாட். நல்ல கம்பெனியின் 550 வாட் தாராளம். ஐந்து வருஷ வாரண்டி தருகிறானா என்று பார். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் பிசியை அதில் மாட்டாதே.

பாலக்கரை_பையன்:
அப்போ முடிவு: 5600, பி550, 16 ஜிபி டிடிஆர்4, ஆர்டிஎக்ஸ் 5060, 550 வாட், 1080பி மானிட்டர். சனிக்கிழமை பல்லவன் ரயில் பிடித்து சென்னை ரிச்சி தெரு போகிறேன். ஞாயிறு பெரும்பாலும் மூடியிருக்குமாம்.

நாளைய_சாக்கெட்:
8 ஜிபி கார்டு. பிடிக்கவில்லை, ஆனாலும் சரி. ராமை பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடச் சொல். பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய், அப்போதுதான் ராம் முழு வேகத்தில் ஓடும்.

(சனிக்கிழமை)

பாலக்கரை_பையன்:
கடைக்குள் நிற்கிறேன், அவசரம். 5600 ஸ்டாக் இல்லையாம். "5500 எடுத்துக்க, அதே ஆறு கோர்தான், காசும் கம்மி" என்கிறார். பில் போடப் போகிறார்.

எஸ்எம்பிஎஸ்_சித்தப்பா:
வேண்டாம்.

நாளைய_சாக்கெட்:
வாங்காதே. கோர் ஆறுதான், ஆனால் பிராசஸருக்குள் இருக்கும் கேஷ் நினைவகம் 32 எம்பிக்குப் பதில் 16. அதைவிட முக்கியம், கார்டோடு பேசும் பாதையில் 5500 பழைய பிசிஐஇ 3.0 மட்டும்தான் பேசும், பி550 போர்டில் போட்டாலும். உன் 5060 எட்டு லேன் கார்டு. 5600இல் கிடைப்பதோடு பார்த்தால் அந்தப் பாதையின் வேகம் பாதியாகிவிடும். கார்டின் 8 ஜிபி நிரம்பி சாதா ராமைத் தேடும்போது சைபர்பங்கில் படம் திக்கித் திக்கி வரும்.

எஸ்எம்பிஎஸ்_சித்தப்பா:
சார் சொல்வது சரி. 9060 எக்ஸ்டிக்குப் பதினாறு லேன், அதுவாக இருந்தால்கூட ஒருவேளை சமாளிக்கலாம் என்றிருப்பேன். இதற்கு வேண்டாம். எதிர் வரிசையில் கேள், நாலு கடை ஏறி இறங்கு.

பாலக்கரை_பையன்:
வெளியே வந்துவிட்டேன். மூன்றாவது கடையில் 5600 இருக்கிறது, கூலரோடு, சீல் பிரிக்காத பெட்டி. கொஞ்சம் கூடுதல் விலை. கேபினட்டில் அந்தக் கலர் லைட்டை விட்டுவிட்டால் சரிக்கட்டிவிடும்.

கோவை_மீனா:
மானிட்டரை வாங்கினாயா இல்லையா?

பாலக்கரை_பையன்:
அதைத்தான் முதலில் வாங்கினேன் அக்கா. தூக்கிக்கொண்டுதான் கடை கடையாக அலைகிறேன்.