கிரேம் கிளார்க்கின் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆராய்ச்சி: சங்கும் புல்லும் மட்டும்தானா?

செவியியல்மாணவி:
காது கேளாதவர்களின் உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க்கைப் பற்றி வகுப்பில் பேசணும். எங்கே தேடினாலும் 1977-ல் கடற்கரையில் சங்குக்குள் புல்லைச் செருகிப் பார்த்தார் என்றுதான் வருகிறது. அவர் ஆராய்ச்சியில் கடினமான பகுதி எது? செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டும் எலக்ட்ரோடு ஒன்றை மட்டும் போட்டு ஏன் முடித்துவிடவில்லை?

நத்தைச்சுருள்:
சங்குக் கதை உண்மைதான், ஆஸ்திரேலியாவின் மின்னமுரா கடற்கரை. அது தீர்த்தது நுழைக்கும் சிக்கலை மட்டும். உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் அடிப்பக்கமாக எலக்ட்ரோடைத் தள்ளினால் முதல் சுற்றிலேயே முட்டி நிற்கும். புல்லைப் போல நுனி துவண்டும் அடி போகப் போக விறைத்தும் இருந்தால் வழுக்கிப் போகும். பின்னால் வந்த 22 முனை (எலக்ட்ரோடு) கொண்ட கருவியை 25 மி.மீ. வரை நுழைத்தார்கள்.

ஒற்றை எலக்ட்ரோடில் துடிப்பின் வேகத்தைக் கூட்டினால் சுருதி ஏறும்தான், ஆனால் விநாடிக்கு ஏறத்தாழ 300 துடிப்போடு சரி, பேச்சுக்கு அது போதாது. அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹவுஸின் ஒற்றை முனைக் கருவி உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவருக்குத் துணையாக இருந்தது, அதற்கு மேல் பெரும்பாலோருக்கு உதவவில்லை.

ஃபார்மண்ட்:
அசல் வேலை 1978 ஆகஸ்ட் 1-க்குப் பிறகுதான். அன்று மெல்பர்னில் காது கேளாத ராட் சாண்டர்ஸுக்கு, தனித்தனியாகத் தூண்டக்கூடிய 10 சேனல் கொண்ட கருவி பொருத்தினார்கள். காக்ளியாவைப் போலவே ஒலியைப் பிரித்து எல்லா முனைகளுக்கும் அனுப்பிய முதல் முயற்சி சொதப்பியது. உள்ளே இருப்பது உப்புத் திரவம். பக்கத்து முனைகளின் மின்னோட்டம் அதில் பரவி ஒன்றோடொன்று கூடி, சத்தம் தாறுமாறாக ஏறி இறங்கியது.

பிறகு முனை முனையாகத் தூண்டியபோது, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயிரெழுத்து மாதிரி கேட்பதாக சாண்டர்ஸ் சொன்னார். ஃபார்மண்ட் என்பது தொண்டை, வாயின் வடிவத்தால் பேச்சில் வலுப்படும் அதிர்வெண்; கீழிருந்து முதல், இரண்டாம் என்று எண்ணுவார்கள். இரண்டாம் ஃபார்மண்டோடு அது பொருந்தியது. 'ஈ', 'ஊ' இரண்டையும் சொல்லிப் பாருங்கள்: முதல் ஃபார்மண்ட் இரண்டுக்கும் 300 ஹெர்ட்ஸ் பக்கம். இரண்டாவது 'ஈ'-க்கு 2,000-ஐத் தாண்டும், 'ஊ'-வுக்கு 1,000-க்குக் கீழே. அதனால் இரண்டாம் ஃபார்மண்டைக் கொண்டு எந்த முனை என்று தீர்மானித்து, குரலின் அடிப்படை அதிர்வெண்ணைத் துடிப்பு வேகமாகக் கொடுத்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லுங்கள், புல்லுக்கு ஒரு வரி போதும்.

நத்தைச்சுருள்:
மின்னோட்டம் கலக்கும் தொல்லைக்கு நல்ல விடை அமெரிக்காவின் பிளேக் வில்சனிடமிருந்து வந்தது, 1991-ல். எந்த இரண்டு முனையும் ஒரே கணத்தில் துடிக்காமல் முறை வைத்துத் தூண்டுவது. கிளார்க், இன்கெபோர்க் ஹோக்மைர், வில்சன் மூவருக்கும் 2013-ல் லாஸ்கர் விருது.

செவியியல்மாணவி:
நன்றி. இந்தக் கருவி வழியாகப் பேச்சு எப்படி இருக்கும் என்று வகுப்பில் ஒலிக்கவிட்டுக் காட்ட முடியுமா?

ஃபார்மண்ட்:
முடியும். ஒரு வாக்கியத்தைப் பதிவு செய்து நாலு அலைவரிசைப் பட்டைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றின் ஒலி அளவு ஏறி இறங்கும் வடிவத்தை மட்டும் எடுத்து, அதில் 160 ஹெர்ட்ஸைவிட வேகமான மாற்றங்களை வெட்டிவிடுங்கள். அந்த வடிவத்தால் அதே பட்டையிலுள்ள இரைச்சலைக் கூட்டிக் குறைத்து, நாலையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். ஒரு பட்டையில் தொடங்கி நாலுக்கு ஏறுங்கள். முதலிலேயே மூல ஒலியைப் போட்டால் சோதனை கெட்டது. தெரிந்த வாக்கியம் ஒரு பட்டையிலும் புரிகிற மாதிரி இருக்கும்.