'நோட்டோரியஸ்' என்ற சொல்லும் ஐந்து அட்டைப்பெட்டிகளும்

ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொண்ட அனுபவத்தை எழுதும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை சென்னிமலையில் தமிழ்வழியில் படித்தவன். கல்லூரியில் சேர்ந்ததும், நாளொன்றுக்கு 20 சொற்கள் என்ற கணக்கில், இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ்ப்பொருள் என நோட்டில் எழுதி, பேருந்துப் பயணத்தில் உருப்போட்டேன். இரண்டே ஆண்டுகளில் மூன்று நோட்டுகள் நிறைந்தன.

இறுதியாண்டில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். போர்வை நெசவில் என் தந்தையின் கைத்திறனை ஊரே அறியும். அதைச் சொல்லும் ஆவலில் அவரை 'நோட்டோரியஸ் வீவர்' என்றேன். எதிரே இருந்த மூவரில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, "அப்படி என்ன செய்தார்?" என்று கேட்டார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. விடுதிக்குத் திரும்பி நோட்டைப் புரட்டியபோது, 'பேர்போன' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. தமிழில் பேர்போன வைத்தியரும் உண்டு, பேர்போன திருடனும் உண்டு. அந்த ஆங்கிலச் சொல்லோ கெட்ட பெயருக்கே உரியது. அப்பாவைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டேனே என்ற வருத்தம், வேலை கிடைக்காத வருத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அன்றோடு பட்டியலைக் கைவிட்டேன். செபாஸ்டியன் லைட்னர் 1972இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட நூலில் விளக்கிய அட்டைப்பெட்டி முறையை ஒரு பேராசிரியர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஐந்து செருப்புப் பெட்டிகளை வரிசையாக வைத்தேன். சொற்களை எழுதிவைக்கும் அட்டைக்குப் பதிலாக, கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களைத் துண்டாக்கிக்கொண்டேன். ஒரு பக்கத்தில் சொல் விடுபட்ட வாக்கியம். மறுபக்கத்தில் அந்தச் சொல்லும், அதனோடு வழக்கமாகச் சேர்ந்து வரும் சொற்களும், கடைசியில் தமிழ்ப்பொருளும் இருக்கும். சரியாக நிரப்பினால் தாள் அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதற்பெட்டிக்கே திரும்பும். முதற்பெட்டியை அன்றாடம் பார்ப்பேன், ஐந்தாவதை மாதம் ஒருமுறை.

இதில் எனக்கு மிகவும் பயன்பட்டது சேர்ந்து வரும் சொற்களை எழுதியதுதான். நெல்லை அறுக்கிறோம், பூவைப் பறிக்கிறோம், கிணற்றை வெட்டுகிறோம். இவற்றை மாற்றிச் சொன்னால் நம் காதுக்கு உடனே உறுத்துகிறது. ஆங்கிலத்திலும் மழைக்கு 'ஹெவி' வரும், தேநீருக்கு 'ஸ்ட்ராங்' வரும். அந்த உறுத்தல் நமக்கும் வரும்வரை ஒரு சொல்லைத் தெரிந்த சொல்லாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

*

சென்னிமலை அண்ணனுக்கு வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். வேர்ச்சொல் பயிற்சியால் முன்னேறியவள் நான். 'ஸ்பெக்ட்' என்பது பார்த்தலைக் குறிக்கும் லத்தீன் வேர் என்று தெரிந்ததும் 'இன்ஸ்பெக்ட்', 'ஸ்பெக்டேட்டர்', 'ரெட்ராஸ்பெக்ட்' எல்லாம் ஒரே குடும்பமாக மனத்தில் அமர்ந்துவிட்டன. ஆனால் அதே பயிற்சி ஒருநாள் என்னை ஏமாற்றியது. கறை எடுக்கும் கெமிக்கல் கேனில் 'இன்ஃபிளேமபிள்' என்று எழுதியிருந்தது. 'இன்விசிபிள்' கண்ணுக்குத் தெரியாதது என்றால் இது தீப்பற்றாதது என்று நினைத்து, அயர்ன் மேசைக்கு அருகிலேயே வைத்துவிட்டேன். மூத்த அக்கா ஒருவர் பார்த்துப் பதறி எடுத்தார். அது எளிதில் தீப்பற்றுவது. அங்கே வரும் 'இன்' எதிர்மறை அன்று, தீமூட்டுதல் என்ற லத்தீன் வினையின் பகுதி. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே இப்போது எச்சரிக்கை வில்லைகளில் 'ஃபிளேமபிள்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். வேரை வைத்து ஊகித்த பிறகும் அகராதியைத் திறந்து பாருங்கள். அண்ணா, ஒரு நாளைக்கு எத்தனை புதுத் தாள்கள் சேர்ப்பீர்கள்?

*

நாளைக்கு இரண்டுதான் அம்மா, அதற்கு மேல் சேர்த்தால் பழைய தாள்கள் முதற்பெட்டியிலேயே தேங்கிவிடுகின்றன. இன்றைக்கு ஒன்று எழுதிவிட்டேன், உங்கள் கேனில் இருந்த சொல்.